கட்டடத்தின் ஒரே ஓட்டு

அந்தக் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு இருந்தது. அது நாலாவது மாடியில், கேப்டன் வீட்டில் இருந்தது.

கேப்டன் என்றால் நிஜக் கேப்டன் இல்லை. படையில் அவர் விண்வெளித் துருப்புக் கப்பலின் சமையல்காரர். துப்பாக்கியைத் தொட்டது பயிற்சியில் மட்டும். அங்கேயும் சுட்டு முடித்ததும் இலக்கு அட்டையிடம் மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் சட்டம் அதையெல்லாம் பார்ப்பதில்லை. படையில் பணி முடித்துத் திரும்பியவர் குடிமகன். மற்றவர்கள் குடியிருப்பவர்கள். குடியிருப்பவருக்கும் வரி உண்டு, வரிசை உண்டு, காய்ச்சல் உண்டு. ஓட்டு மட்டும் கிடையாது. வேண்டுமென்றால் யாரும் எந்த நாளும் போய்ப் படையில் சேரலாம், ஒரு கையெழுத்துதான். கட்டடத்தில் யாருக்கும் அந்த யோசனை வந்ததில்லை. அதான் கேப்டன் இருக்கிறாரே.

அவருடைய வீரமெல்லாம் உருளைக்கிழங்கோடு. எடையே இல்லாத இடத்தில் கிழங்குக்குத் தோல் சீவுவது லேசுப்பட்ட காரியமில்லை. தோல் துண்டு துண்டாக வந்தால் மிதந்து போய்க் காற்றுக் குழாயை அடைத்துக்கொள்ளும், கப்பலே இருமும். அதனால் ஒரு கிழங்குக்கு ஒரே நாடா. நடுவில் அறுபடக் கூடாது. இப்போது அவர் பஸ் டிப்போ கேன்டீனில் வேலை பார்க்கிறார். அங்கே தோல் ஒழுங்காகத் தரையில்தான் விழுகிறது. இருந்தாலும் ஒரே நாடாவாகத்தான் சீவுவார். பழக்கம்.

ஒவ்வொரு ஓட்டுக்கும் முன்னால் கட்டடம் முழுவதும் கீழே தண்ணீர் மோட்டார் அறையில் கூடும். பேசுவார்கள், கத்துவார்கள், கை தூக்குவார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ அதைக் கேப்டன் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். "நீங்க குடிமகன் இல்லங்க, தபால் பெட்டி" என்பாள் அவர் மனைவி. அவருக்கு அதில் வருத்தமில்லை. ஒரு கட்டடமே நம்பி வாயில் எதையாவது போடுகிற பெட்டியாக இருப்பதும் ஒரு மரியாதைதானே என்று நினைப்பவர். குடியிருப்புகளில் நாய் வளர்க்கத் தடை விதிக்கலாமா என்று ஒருமுறை ஓட்டு வந்தது. கட்டடம் தடை வேண்டும் என்றது. கட்டடத்தில் நாய் வைத்திருந்தவர் கேப்டன் ஒருவர்தான். போய்த் தடைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். நாய் இப்போது அவர் மச்சான் வீட்டில், ஊருக்கு வெளியே இருக்கிறது. கேப்டனைக் கண்டால் குரைக்கிறது.

இந்தத் தடவை வந்தது போர் ஓட்டு.

கூட்டத்தை நடத்தியவள் லைன் அக்கா. ஸூட் ஃபாக்டரியில் ஒரு தையல் லைனையே மேய்ப்பவள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஃபாக்டரி, மேலே போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் காற்றுப் புகாத ஸூட்டுகளைத் தைக்கிறது. கட்டடத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை.

"எல்லாரும் நியூஸ் பாத்திருப்பீங்க. மேல வெளிவட்டத்துல இருக்கறவங்க நமக்கு வர்ற பனிக்கட்டிக் கப்பலை நிறுத்திட்டாங்க. படையை அனுப்பறதா வேண்டாமான்னு ஓட்டு. படை போனா ஸூட் வேணும். ஸூட் வேணும்னா நாம வேணும். போகலன்னா ரெண்டாவது ஷெட்டை மூடிருவேன்னு மேனேஜர் வாயாலயே சொல்லிட்டாரு. இதுக்கு மேல நான் என்ன பேசறது?" என்றாள். பேசினாள். மோட்டார் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை பேசினாள்.

"அவனுங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுக்கணும்" என்றார் லிஃப்ட் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், அதனால் லிஃப்டைச் சரிசெய்ய அவருக்கு அவசரமே இருந்ததில்லை.

"முதல்ல லிஃப்டுக்குச் சொல்லிக் குடுங்க அண்ணே" என்றது ஒரு குரல். சிரிப்பு.

கைகள் எழுந்தன. போர் வேண்டும் என்று ஒரு காடு. வேண்டாம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. கேப்டனின் மனைவி இரண்டுக்கும் கை தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள்.

"என்ன கேப்டன் அண்ணே, போட்டுருவீங்க இல்ல?"

"கட்டடம் சொல்றதுதான் என் ஓட்டு. என்னிக்கு மாறியிருக்கேன்?" என்றார் கேப்டன். கை தட்டினார்கள். படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கினாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

போர் ஓட்டுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. முந்தின வாரம் குடிமக்கள் தங்கள் படை பூட்ஸைக் கொண்டுபோய்க் குடிமக்கள் மையத்தில் காட்ட வேண்டும். மரியாதைக்கு வைத்திருக்கிறார்கள் போல என்று கேப்டன் நினைத்திருந்தார். கட்டிலுக்கடியிலிருந்து பூட்ஸை இழுத்தபோது உள்ளே வெங்காயம் இருந்தது. "காத்தோட்டமான இடம்னு வச்சேன்" என்றாள் மனைவி.

மையத்தில் ஒரு பெண் அலுவலர் உட்கார்ந்திருந்தாள். இடது கை உலோகம். வலது கையால் எழுதி, இடது கையால் முத்திரை குத்தினாள்; அந்தக் கை குத்தினால் மேசை அதிர்ந்தது.

"வெங்காய வாசனை வருதே சார்."

"என் காலுங்க."

"போட்டு நடங்க. இறுக்குதா?"

"இறுக்குது. ஆனா ஓட்டுப் போட நாலு அடிதானேம்மா, தாங்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாலு அடியா? சார், அன்னைக்குப் பெட்டி எல்லாம் கிடையாது. ஹாலுக்கு ரெண்டு கதவு. போர் வேண்டாம்னா முன்கதவு வழியா தெருவுக்குப் போயிடலாம். வேணும்னா பின்கதவு. அங்க பஸ் நிக்கும்."

"பஸ்ஸா? எங்க போற பஸ்ஸு?"

"ஏவுதளத்துக்கு. போர் வேணும்னு சொல்றவங்க முதல் கப்பல்ல போகணும். அதுக்குத்தானே பூட்ஸ் பாக்கறோம்?"

கேப்டன் டிப்போவில் வேலை பார்ப்பவர். தனக்குத் தெரியாத பஸ் ஒன்று ஊருக்குள் இருக்கிறது என்பதை ஜீரணிக்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இது எப்போ வந்த சட்டம்?"

"போன போர் முடிஞ்ச உடனே. அதுக்கப்புறம் போர் ஓட்டே வரல, அதான் பலருக்கும் மறந்துபோச்சு. உங்களுக்கெல்லாம் குடிமக்கள் வகுப்பு எடுத்தாங்களே சார்."

"எடுத்தாங்க. மத்தியானம் சாப்பிட்டப்புறம் எடுத்தாங்க."

அவள் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினாள். "கட்டாயம் ஒண்ணும் இல்ல சார். முன்கதவும் திறந்துதான் இருக்கும்." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மேல சமையலுக்கும் ஆள் வேணும்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார். அவள் ஃபாக்டரியில் தையல் பரிசோதகர். ஸூட்டுக்குள் காற்றை அடைத்து, தையல் ஓடும் வழியெல்லாம் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். மெஷினுக்கு அகப்படாத கசிவும் அவள் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். முதலில் சிரித்தாள். வயிறு வலிக்கும்வரை சிரித்தாள்.

"நீங்க? போருக்கு? மூணாவது மாடியிலயே உட்கார்ந்து எந்திரிச்சு வர்றீங்க!"

"மேல எடை கிடையாது. அங்க நான் லேசு."

சிரிப்பு நின்றுவிட்டது. கேப்டன் போரைப் பற்றிப் பேசினால் ஒரே ஒரு விஷயம்தான் பேசுவார், அதையும் அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தாள். சமையலறையில் அவருக்குப் பக்கத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர், பேச்சுக்கு நடுவில் இல்லாமல் போனது. சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ரொட்டி மட்டும் சரியாக வெந்திருந்தது.

"கூட்டத்துல சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொன்னா வாக்கு மாறப் பாக்கறேன்னு நினைப்பாங்க."

"நாயைக் குடுத்தீங்க. சரின்னு விட்டேன்" என்றாள். "இப்போ உங்களையே தூக்கிக் குடுக்கப் போறீங்களா?"

கேப்டன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை. அவள் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டாள். "போய்க் கூட்டம் போடுங்க. நான் பேசறேன்."

இரண்டாவது கூட்டம் சீக்கிரம் நிறைந்தது. ஏதோ இனிப்பு தரப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கேப்டன் எழுந்து, பின்கதவையும் பஸ்ஸையும் பற்றிச் சொன்னார். கிண்டல் எதுவும் சேர்க்காமல் அவர் பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் முதலில் யாரும் நம்பவில்லை.

"விளையாடாதீங்க அண்ணே" என்றார் லிஃப்ட் அண்ணன்.

"விளையாட்டு இல்ல. பூட்ஸெல்லாம் பாத்துட்டாங்க."

பிறகு பின்னாலிருந்து ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "சமையல்காரருக்கு அவ்வளவா ஆபத்து இருக்காதுல்ல?" என்றார்.

லைன் அக்கா எழுந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நீங்க போகணும்னு நான் கேக்கல. சத்தியமா கேக்கல. ஆனா ஷெட்டை மூடினா என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் நான் என்ன போடறது? அதையும் யாராவது சொல்லுங்க. நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன், பரவாயில்ல, பதில் சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி என்பதுதான் தொல்லை.

கேப்டனின் மனைவி பூட்ஸைக் கொண்டுவந்து மோட்டாருக்கு இடப்பக்கம் தரையில் வைத்தாள். "கை தூக்கறது சுலபம். தூக்கின கை கீழ வந்துடும். இன்னைக்குக் கை வேண்டாம்" என்றாள். "போர் வேணும்னு நினைக்கறவங்க உங்க செருப்பைக் கழட்டி இவரு பூட்ஸ் பக்கத்துல வைங்க. வச்சா இவரோட நீங்களும் வர்றீங்கன்னு அர்த்தம். மையத்து வாசல்லயே சேர்க்கற மேசை போட்டிருக்காங்க, கையெழுத்துப் போட்டுட்டு ஏறிக்கலாம். வேண்டாம்னா வலது பக்கம், சுவரோரமா வைங்க. வச்சா ஷெட்டை மூடினாலும் பரவாயில்லன்னு அர்த்தம்."

யாரும் அசையவில்லை. ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் அண்ணன் தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஏதோ அன்றுதான் வாங்கியது போல. இடப்பக்கம் போக உயிர் தடுத்தது. வலப்பக்கம் போக வயிறு தடுத்தது. ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் செருப்புக் காலோடு நின்றார்கள்.

அப்போது கேப்டனின் மனைவி தன் செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரல் இடத்தில் தேய்ந்த, பச்சை வார் வைத்த செருப்பு. குனிந்து அதைப் பூட்ஸுக்குப் பக்கத்தில், இடப்பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா!" என்றார் கேப்டன்.

"நீங்க போனா நான் இங்க யாருக்கு டீ போடறது?"

கொஞ்ச நேரம் கழித்து, கூட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில், லைன் அக்கா எண்ணினாள். எண்ண அதிகம் இல்லை. வேண்டும் ஒன்று. வேண்டாம் பூஜ்யம். "அப்போ... வேணும்ங்கறதுதான்" என்றாள். தையல் லைன் முழுக்கக் கேட்கும் அவள் குரல் அன்று முதல் வரிசைக்கே எட்டவில்லை. இப்படியாகக் கட்டடம் தன் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஏகமனதாகத் தீர்மானித்தது. அதற்கு யாரும் கை தட்டவில்லை.

ஓட்டு நாளன்று மனைவியும் கூட வந்தாள். தோளில் ஒரு சின்னப் பை. மையத்து வாசலில் படையில் சேர்க்கும் மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"முன்கதவைப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க அதுல வரலன்னா கையெழுத்துப் போட்டுருவேன்."

"வயசானவங்களைச் சேர்க்க மாட்டாங்க."

"தையல் பாக்கறவங்களைச் சேர்ப்பாங்களாம். கேட்டுட்டேன்."

உள்ளே அந்த உலோகக் கைப் பெண்தான் இருந்தாள். கேப்டனின் பெயரைச் சரிபார்த்தாள், முத்திரை குத்தினாள், ஹாலுக்குள் அனுப்பினாள். பெரிய ஹால், வெற்றுத் தரை. முன்னால் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து பின்கதவு வழியாகப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டன் அவருக்கு மனதுக்குள் ஒரு சல்யூட் அடித்தார். என்ன நினைத்துப் போகிறாரோ, போகிறவர் சொன்னதற்கு நிற்கிறார். கதவு வழியே பஸ் தெரிந்தது. டயரில் காற்று குறைவு என்பது அவர் கண்ணில் பட்டது. டிப்போக்காரர் கண்.

தரையில் கோடு எதுவும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே தூரம். அவர் நடுவில் நின்றார். இறுக்கிய பூட்ஸ் கால் விரலைக் கடித்தது.

வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். நாய் விஷயத்தில்கூட மாறவில்லை. கட்டடம் வேண்டும் என்றது. ஆனால் கட்டடம் எங்கே சொன்னது? சொன்னது ஒரு ஜோடிச் செருப்பு. அந்தச் செருப்பு பனிக்கட்டியைப் பற்றியோ வெளிவட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றாமல் நின்றார்களே, அது என்ன ஓட்டு? நீயே பார்த்துக்கொள் என்றுதானே அர்த்தம்? இத்தனை வருஷமாகப் பெட்டியில் போட்டதையெல்லாம் பிரிக்காமல் சுமந்தவருக்கு, ஒன்றும் போடாத பெட்டியைச் சுமப்பது எப்படி என்று தெரியவில்லை.

இவ்வளவையும் யோசித்துத்தான் முன்கதவுப் பக்கம் திரும்பினேன் என்று கேப்டன் பிறகு சொல்லிக்கொண்டார். பயந்துதான் திரும்பினீங்க என்கிறாள் மனைவி. இரண்டும் இருந்திருக்கலாம், ஒரே காலில் இரண்டு காலுறை போடுவது போல.

முன்கதவில் வெயில் அடித்தது. அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "ஷெட்டு?" என்றாள்.

"பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்கறது?"

"நான்தான். வேற யாரு? நான்தானே குடிமகன்" என்றார் கேப்டன். சொல்லும்போது அவருக்கே அந்த வார்த்தை புதிதாக இருந்தது.

வேண்டாம் என்பது ஜெயித்தது. மக்களின் முதிர்ச்சி என்று செய்தியில் பாராட்டினார்கள். பாதிப் பேருக்குப் பூட்ஸ் காலில் ஏறவே இல்லை என்று உலோகக் கைப் பெண் பின்னாளில் கேப்டனிடம் சொன்னாள்.

இரண்டாவது ஷெட்டை மேனேஜர் சொன்னபடி மூடினார். அந்த ஒரு வாக்கை மட்டும் அவர் காப்பாற்றினார். கட்டடத்தில் பலருக்கு வேலை போனது. கேப்டனின் மனைவிக்கும் போனது, லைன் அக்காவுக்கும் போனது. படிக்கட்டில் கேப்டன் வந்தால் லைன் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். அவர் அதைத் தப்பென்று சொல்லவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தால் சுவரைப் பார்ப்பதோடு நின்றிருப்பாரா என்பது சந்தேகம்.

மோட்டார் அறையில் கேப்டன் ஒரு பெரிய அடுப்பை வைத்தார். டிப்போ கேன்டீனுக்கு வரும் கிழங்கில் கோணல்மாணலானதைக் கழித்துப் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிவந்தார். வேலை முடிந்து வந்து சூப்பும் அவித்த கிழங்கும் செய்வார். வேண்டியவர்கள் வந்து சாப்பிடலாம். யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்கக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம். முதல் சில நாள் யாரும் வரவில்லை. பிறகு லிஃப்ட் அண்ணன் "சும்மா எட்டிப் பாத்தேன்" என்று வந்து இரண்டு தட்டு காலி செய்தார். அதன்பிறகு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. வெட்கமோ என்னவோ, லிஃப்டும் ஓட ஆரம்பித்தது.

லைன் அக்கா வரவில்லை. பிள்ளைகளிடம் பாத்திரம் கொடுத்தனுப்பினாள். கேப்டன் அதை நிரப்பி அனுப்பினார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். ஒரு வார்த்தையும் கூட வராது.

ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். வாசலில் அத்தனை செருப்பையும் தாண்டி, தன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அன்னைக்கும் கழட்டல. இன்னைக்கும் கழட்ட மாட்டேன்" என்றாள்.

"தரை ஈரமா இருக்கு, கழட்டாம இருக்கறதுதான் நல்லது" என்றாள் கேப்டனின் மனைவி.

லைன் அக்கா கேப்டன் கிழங்கு சீவுவதைப் பார்த்தாள். நாடா சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

"என்னண்ணே இது? அறுந்துடக் கூடாதுன்னு இவ்வளவு தடிமனா சீவுறீங்க. பாதிக் கிழங்கு தோலோட போகுது. நம்ம நிலைமைக்கு இது கட்டுப்படியாகுமா?"

"அறுந்தா மிதக்கும்."

"இங்க எங்கண்ணே மிதக்குது?"

கேப்டன் யோசித்தார். உண்மைதான். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கத்தியை அவளிடம் நீட்டினார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெல்லியதாக, துண்டு துண்டாகச் சீவ ஆரம்பித்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. கத்தி மழுங்கல், உப்பு பத்தாது, அடுப்பு கோணல், ஷெட் விஷயத்தை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மோட்டார் இரண்டு தடவை ஓடி நின்றது.

அடுத்த ஓட்டு நாய்த் தடையை நீக்குவது பற்றியது. கட்டடம் மறுபடி கூடியபோது, "இந்தத் தடவை நாங்க கை தூக்கல. நீங்களே போய்ப் போடுங்க" என்று சொன்னவள் லைன் அக்காதான். கேப்டன் போய்ப் போட்டார். தடை நீங்கியது. மறுநாளே மச்சான் வீட்டுக்குப் போய் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அது இன்னும் அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டுதான் இருக்கிறது.